ஆட்டம் முடியும் முன்பே எழுதுங்கள்: சர்வதேச கிரிக்கெட்டைப் பற்றிக் கருத்துரைக்க விரும்பும் சேலத்து ரசிகர்களுக்கு

இந்திய அணி ஒரு பெரிய போட்டியில் தோற்ற மறுநாள் காலையில், சேலம் ஐந்து ரோட்டிலோ புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரிலோ உள்ள ஒரு டீக்கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும். தேர்வாளர்களும் கேப்டனும் பயிற்சியாளரும் செய்த தவறுகள் அத்தனையும் வரிசையாகக் காதில் விழும். அவற்றில் பல சரியாகவே இருக்கும். ஆனால் எந்தக் கருத்து ஆட்டத்துக்கு முந்தைய நாளே சொல்லப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. சர்வதேச கிரிக்கெட்டைப் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுத விரும்புகிறவர்களிடம், குறிப்பாக நம் மாவட்டத்து இளைஞர்களிடம், நான் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்: ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நேரத்தில் தெரிந்திருந்த செய்திகளைக் கொண்டே எடைபோட வேண்டும், உங்கள் கருத்தையும் அந்த நேரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதற்காக, ஒரு போட்டிக்கு மூன்று வேளைகளில் குறிப்பெழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அணி அறிவிக்கப்படும் நாளில் ஒரு குறிப்பு. டாஸ் முடிந்து 11 பேர் பட்டியல் வெளியானதும் ஒரு குறிப்பு. ஆட்டத்தின் நடுவே, டெஸ்ட் என்றால் இடைவேளைகளிலும் ஒருநாள் போட்டி என்றால் முதல் இன்னிங்ஸ் முடிந்ததும், இன்னொரு குறிப்பு. ஆட்டம் முடிந்தபின் எழுதுவது நான்காவது. முதல் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதை எழுத வேண்டும்.

இந்தப் பழக்கம் ஏன் தேவை என்பதை 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி தெளிவாகக் காட்டுகிறது. டாஸ் வென்ற ஆஸ்திரேலியக் கேப்டன் பாட் கம்மின்ஸ் பந்துவீசத் தீர்மானித்தார். இந்தியா 240 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. டிராவிஸ் ஹெட் 137 ரன்கள் குவிக்க, ஆஸ்திரேலியா 43 ஓவர்களில் 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. கே.எல்.ராகுல் 107 பந்துகளில் எடுத்த 66 ரன்கள்தான் கோப்பையைப் பறிகொடுத்தன என்ற கருத்து மறுநாளே ஊரெங்கும் நிலைத்துவிட்டது. அந்த இன்னிங்ஸ் முழுவதிலும் அவர் அடித்தது ஒரே ஒரு பவுண்டரி என்பதும் உண்மைதான். ஆனால் அவர் எந்த நிலையில் களமிறங்கினார் என்பதைப் பார்த்தால்தான் குற்றச்சாட்டை எங்கே வைப்பது என்று புலப்படும். ரோகித் சர்மா 31 பந்துகளில் 47 ரன்கள் எடுத்து மேக்ஸ்வெல் பந்தில் வெளியேறியபின், 10 ஓவர்கள் முடிவில் அணி 80 ரன்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்திருந்தது; அடுத்த ஓவரிலேயே ஷ்ரேயாஸ் ஐயரும் ஆட்டமிழந்தார். கணுக்காலில் காயம்பட்டு ஹர்திக் பாண்டியா தொடரிலிருந்தே விலகிவிட்டதால், ஜடேஜாவுக்கும் சூர்யகுமாருக்கும் பின்னால் இருந்தவர்கள் ஷமி, பும்ரா, குல்தீப், சிராஜ் ஆகிய நான்கு பந்துவீச்சாளர்கள் மட்டுமே. அந்த நேரத்தில் ராகுலும் தவறான ஷாட் ஆடி வெளியேறியிருந்தால் 200 ரன்களை எட்டுவதே கடினமாகியிருக்கும்.

எனவே ராகுலின் நிதானத்துக்கு முதற்காரணம் அணியின் அமைப்பே என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம் இந்திய மட்டையாளர்களுக்கு முழு விடுதலையும் தர மாட்டேன். மிட்செல் மார்ஷும் டிராவிஸ் ஹெட்டும் ஆளுக்கு 2 ஓவர்கள் வீசினார்கள். அந்த 4 ஓவர்களில் இந்தியா எடுத்தது மொத்தம் 9 ரன்கள். கம்மின்ஸ் 10 ஓவர்களில் 34 ரன்களே கொடுத்தது அவருடைய திறமை. பகுதிநேரப் பந்துவீச்சாளர்களின் 4 ஓவர்களைத் தாக்காமல் விட்டதோ நம் தயக்கம். இந்த வேறுபாட்டை முதல் இன்னிங்ஸ் முடிந்த உடனேயே, ஹெட் ஒரு பந்தைக்கூட எதிர்கொள்ளும் முன்பே, ஒரு ரசிகர் எழுதியிருக்க முடியும். அப்படி எழுதப்பட்ட கருத்துக்குத்தான் மறுநாள் எடை உண்டு.

மண்ணும் பந்தும்

ஆடுகளத்தையும் பந்தையும் சொல்லாத கருத்து பாதிக் கருத்துதான். டெஸ்ட் போட்டிகளில் இந்தியாவில் எஸ்.ஜி. பந்தும், இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் டியூக்ஸ் பந்தும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் கூக்கபுரா பந்தும் பயன்படுகின்றன. டியூக்ஸின் தையல் நெடுநேரம் எழும்பி நின்று பந்தை நகர்த்த உதவும். கூக்கபுராவின் தையல் விரைவில் அமுங்கிவிடும். ஆகவே ஒரு பந்துவீச்சாளர் இங்கிலாந்தில் 40-ஆவது ஓவரில் பந்தை நகர்த்தினார், ஆஸ்திரேலியாவில் ஏன் நகர்த்தவில்லை என்று கேட்பதற்கு முன், அவர் கையில் இருந்தது எந்தப் பந்து என்று பாருங்கள்.

2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சுழற்பந்துவீச்சாளர் அஸ்வின் இந்தியாவின் 11 பேரில் சேர்க்கப்படவில்லை. ஆடுகளம் பச்சையாக இருந்தது, வானம் மூடியிருந்தது; இந்தியா ஷமி, சிராஜ், உமேஷ், ஷர்துல் என நான்கு வேகப்பந்துவீச்சாளர்களையும் ஜடேஜாவையும் இறக்கியது. அது காரணமே இல்லாத முடிவு என்று எழுதினால் நீங்கள் நேர்மையாக எழுதவில்லை என்று பொருள். ஆயினும் அது தவறான முடிவு என்றே நான் இன்றும் வாதிடுவேன். ஆஸ்திரேலியாவின் பட்டியலில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி, ஸ்டார்க் என ஐந்து இடக்கை மட்டையாளர்கள் இருந்தார்கள். இடக்கையர்களை ஆட்டமிழக்கச் செய்வதில் அஸ்வினுக்கு இணையானவர் அன்று உலகில் எவரும் இல்லை. டெஸ்ட் ஐந்து நாள் ஆட்டம், மேகமோ ஒரு காலைப்பொழுதின் கணக்கு. இவை மூன்றும் டாஸ் நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தவை. அதற்குப்பின் ஹெட் 163 ரன்களும் ஸ்மித் 121 ரன்களும் அடித்ததையும், இந்தியா 209 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றதையும் வாதத்தின் அடித்தளமாக வைக்காதீர்கள். ஹெட் 10 ரன்களில் ஆட்டமிழந்திருந்தாலும் அந்தத் தேர்வு தவறாகவே இருந்திருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனமறிந்து எழுத முடிந்தால் மட்டுமே உங்கள் விமர்சனத்தை வெளியிடுங்கள்.

நம்மூர்க்காரரைப் பற்றி எழுதும்போது

சேலத்துக்காரர் எவரும் இடக்கை வேகப்பந்துவீச்சாளர் நடராஜனைப் பற்றி நடுநிலையோடு எழுதத் தொடங்க முடியாது. முடியும் என்று பாசாங்கு செய்யவும் வேண்டாம். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த ஒருவர், 2020 இறுதியில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20 போட்டியிலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் டெஸ்ட் போட்டியிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். இதைப் படிக்கும்போது நம் நெஞ்சு நிமிர்வது இயல்பு. அந்தப் பாசத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு, வேறு எந்த ஊர்க்காரருக்கும் வைக்கும் அதே அளவுகோலை அவருக்கும் வையுங்கள்.

காபா டெஸ்டில் அவர் செய்ததை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். இந்தியா அடிலெய்டில் 36 ரன்களுக்குச் சுருண்டு தொடங்கிய தொடர் அது. பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா என முதல்தரப் பந்துவீச்சாளர்கள் அனைவரும் காயத்தில் விழுந்திருந்தார்கள். மிச்சமிருந்த வேகப்பந்துவீச்சாளர்களில் அதிக அனுபவம் உள்ளவராகக் கருதப்பட்ட சிராஜ், அதற்குமுன் ஆடியிருந்தது இரண்டே டெஸ்ட்கள். முதல் இன்னிங்ஸின் நடுவிலேயே சைனியும் காயமடைந்து 7.5 ஓவர்களோடு நின்றுவிட்டார். அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கி நடராஜன் 24.2 ஓவர்கள் வீசி 78 ரன்களுக்கு 3 விக்கெட்டுகளை எடுத்தார். அவற்றில் இரண்டு, ஆட்டத்தை இந்தியாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த மேத்யூ வேடும் 108 ரன்கள் அடித்திருந்த லபுஷேனும். மூன்று விக்கெட் என்பது ஸ்கோர்கார்டில் சாதாரண எண்ணாகத் தோன்றும். சைனி இல்லாத பந்துவீச்சில், முதல் டெஸ்ட் ஆடும் ஒருவர் வீசிய 24 ஓவர்கள் என்று எழுதினால்தான் அதன் பெறுமதி தெரியும். இந்திய விமர்சகர்கள் பலர் சுந்தரும் ஷர்துலும் ஏழாவது விக்கெட்டுக்குச் சேர்த்த 123 ரன்களையும், ரிஷப் பந்த்தின் ஆட்டமிழக்காத 89 ரன்களையும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியவையே. நடராஜனின் முதல் நாள் உழைப்பையும் அதே மூச்சில் சொல்லுவது நம் பொறுப்பு.

இடக்கை வேகப்பந்துவீச்சாளரின் இன்னொரு பயனையும் ரசிகர் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் ‘ஓவர் தி விக்கெட்’ முறையில், அதாவது பந்துவீசும் கை ஸ்டம்புக்கு அருகே இருக்கும்படி வந்து வீசும்போது பாதங்கள் பதியும் இடம், எதிர்முனையிலிருந்து வரும் பந்தை ஆடும் வலக்கை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அமையும். அங்கே மண் பெயர்ந்து சொரசொரப்பானால் ஆஃப் சுழற்பந்துவீச்சாளருக்கு அது விளைநிலம். ஆஸ்திரேலியாவில் ஸ்டார்க்கின் பாதச்சுவடுகள் நேதன் லயனுக்கு உதவியதை இதனால்தான் பேசுகிறார்கள்.

இனி பாசம் கண்ணை மறைக்கும் இடத்துக்கு வருவோம். “அண்ணே, நட்டுவை ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?” என்று நடராஜனைப் பற்றிய கேள்வி நம்மூரில் ஓயாது. அவர் இந்தியாவுக்காகக் கடைசியாக ஆடியது 2021 மார்ச் 28 அன்று புனேயில், இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில். அன்று கடைசி ஓவரில் 14 ரன்கள் தேவைப்பட, 95 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் முடித்த சாம் கரனைக் கட்டிப்போட்டு 7 ரன்களில் வெற்றி தேடித் தந்தார். அதன்பின் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2024 ஐபிஎல் தொடரில் 19 விக்கெட்டுகளை எடுத்தபோதும் அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை; தமிழ்நாட்டுக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று பலர் எழுதினார்கள்.

அணித் தேர்வைப் பற்றி எழுதும் எவருக்கும் இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு: ஒருவரைச் சேர்க்கச் சொன்னால், யாரை நீக்குவது என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். அர்ஷ்தீப் சிங்கை நீக்கச் சொல்கிறீர்களா? அவரும் இடக்கையர், புதிய பந்தை ஸ்விங் செய்பவர். அந்த உலகக் கோப்பையில் 17 விக்கெட்டுகளை எடுத்தார், இறுதிப் போட்டியின் 19-ஆவது ஓவரில் 4 ரன்களே கொடுத்தார். இவை பின்னால் நடந்தவை என்று ஒதுக்கினாலும், தொடருக்கு முன்பே அவரைவிட நடராஜன் மேல் என்று வாதிடுவது கடினம். ஆனால் சிராஜின் இடத்தைக் குறிவைத்தால் வாதம் நிற்கும். சிராஜின் பலம் புதிய பந்து. அதற்கு அர்ஷ்தீப்பும் பும்ராவும் ஏற்கெனவே இருந்தார்கள். கடைசி ஓவர்களில் யார்க்கர் (மட்டையாளரின் காலடியில் விழும் பந்து) வீச பும்ராவுக்கு மாற்று ஆள் இல்லை. மாநிலப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டைவிட இந்த வாதம் நடராஜனுக்குச் செய்யும் மரியாதை பெரியது, ஏனெனில் அது அவருடைய யார்க்கரை முன்வைக்கிறது.

எண்களைக் கையாளுதல்

சராசரியையும் ஸ்ட்ரைக் ரேட்டையும் தனியாக எடுத்து வீசாதீர்கள். அதே காபா டெஸ்டின் கடைசி நாளில் புஜாரா 211 பந்துகளில் 56 ரன்கள் எடுத்தார். உடம்பெங்கும் அடி வாங்கினார். அந்தத் தொடரில் அவர் எதிர்கொண்ட பந்துகள் 928. கம்மின்ஸும் ஹேசல்வுட்டும் ஸ்டார்க்கும் நான்காவது டெஸ்டின் கடைசி வேளையில் களைத்திருந்ததற்கு அந்த 928 பந்துகளும் ஒரு காரணம். பந்த் அடித்த அடிக்கு வழிவிட்டது அந்தக் களைப்பு. வேகமாக ஆடாதவரை நாட்டுக்குச் சுமை என்று எழுதுகிறவர்கள், அதே தொடரின் மூன்றாவது டெஸ்டில் சிட்னியில் அஸ்வின் 128 பந்துகளிலும் விஹாரி 161 பந்துகளிலும் நின்று தோல்வியைத் தடுத்ததை எந்த ஸ்ட்ரைக் ரேட்டால் அளப்பார்கள்? விஹாரியின் தொடைத்தசை கிழிந்திருந்தது, அஸ்வினுக்கு முதுகு நிமிரவில்லை. அந்த ஆட்டத்தைச் சமனில் முடிக்காவிட்டால் காபா வெற்றி தொடரைக் கொடுத்திருக்காது.

நடுவர் தீர்ப்பு பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எல்பிடபிள்யூ மறுபரிசீலனையில் பந்து ஸ்டம்பில் பாதிக்கும் குறைவாகப் படுவதாகக் கணிப்பு காட்டினால், களநடுவர் முதலில் சொன்னதே நிற்கும். நமக்குச் சாதகமாக வரும்போதும் பாதகமாக வரும்போதும் விதி ஒன்றுதான். இதற்குமேல் நடுவரை ஏசுவது ஆட்டத்தைப் பற்றிய கருத்தாகாது.

வீரர்களை ஏசுவது அதைவிட மோசம். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு கேட்சைத் தவறவிட்டதற்காக அர்ஷ்தீப்பின் மதத்தை இழுத்துத் திட்டியவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். பந்து கைநழுவியது பற்றி ஆயிரம் எழுதலாம்; பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

நேரில் பாருங்கள்

தொலைக்காட்சி பந்தைக் காட்டும். களவியூகத்தை முழுமையாகக் காட்டாது. வாழப்பாடி அருகே 2020-இல் திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டம் நடக்கும்போது ஒருநாள் பந்துவீச்சாளரின் பின்பக்கமாக அமர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் மிட்விக்கெட்டில் நிற்பவர் எத்தனை அடி நகர்கிறார், விக்கெட் கீப்பர் எங்கே நிற்கிறார், கேப்டன் யாரிடம் பேசுகிறார் என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்கோரை மறந்துவிடுங்கள். ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து டென்னிஸ் பந்துப் போட்டிகளும் இதற்கு உதவும். எடை குறைந்த பந்தில் வேகம் வேண்டுமென்றால் தோளை எப்படிச் சுழற்ற வேண்டும் என்பதை அங்கே பார்த்தவருக்கு, நடராஜனின் யார்க்கர் எங்கிருந்து வந்தது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலிய டெஸ்ட் என்றால் விடியற்காலை 5 மணிக்கே எழ வேண்டியிருக்கும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஜனவரிக் குளிரில் அது எளிதன்று. ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். புதிய பந்து, ஈரம், காற்று, கேப்டன் எத்தனை ஸ்லிப் வைக்கிறார் என்பவை எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளிப்படும். சுருக்கக் காட்சிகளில் விக்கெட்டும் பவுண்டரியும் மட்டுமே மிஞ்சும்.

ஒரு மாதிரிக் குறிப்பு

2025 ஜூலை 23 அன்று மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிரான நான்காவது டெஸ்ட் தொடங்கியது. இந்தியா தொடரில் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணிக்கு டாஸ் போட்டு, ஷர்துல் அணிக்குத் திரும்புகிறார், அன்ஷுல் கம்போஜ் அறிமுகமாகிறார், சுழற்பந்துவீச்சாளர் குல்தீப்புக்கு இந்த முறையும் இடமில்லை என்று தெரிந்ததும் ஒரு ரசிகர் இவ்வாறு எழுதலாம்:

“ஷர்துலுக்குப் பதிலாகக் குல்தீப் ஆடியிருக்க வேண்டும். லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் ஷர்துலிடம் முதல் இன்னிங்ஸில் கேப்டன் கொடுத்தது 6 ஓவர்கள் மட்டுமே. கேப்டனே நம்பாத பந்துவீச்சாளருக்கு 11 பேரில் இடம் தருவது வீண். எதிர்வாதம் உண்டு: அதே லீட்ஸில் கடைசி 7 விக்கெட்டுகள் 41 ரன்களிலும், இரண்டாம் இன்னிங்ஸில் கடைசி 6 விக்கெட்டுகள் 31 ரன்களிலும் விழுந்ததால் அணி நிர்வாகம் மட்டைபலத்தைத் தேடுகிறது. ஆனால் ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் அதற்குப் போதும். ஷர்துல் ஒரு இன்னிங்ஸில் 20 ஓவர்கள் வீசினாலோ, நெருக்கடியில் முக்கியமான ரன்களை எடுத்தாலோ என் கருத்து தவறு என்று ஏற்பேன்.”

கருத்து, காரணம், எதிர்வாதம், தன் கருத்து எப்போது பொய்க்கும் என்ற வரம்பு ஆகிய நான்கும் இதில் இருக்கின்றன. நீளமோ ஆறே வாக்கியங்கள். ஆட்டத்தில் இங்கிலாந்து 157 ஓவர்களுக்குமேல் ஆடி 669 ரன்கள் குவித்தது; அதில் ஷர்துல் வீசியது 11 ஓவர்கள். அதே ஷர்துல் முதல் இன்னிங்ஸில் 41 ரன்கள் எடுத்திருந்தார். இரண்டாம் இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கும் முன் 2 விக்கெட்டுகளை இழந்த இந்தியாவைக் கில்லின் 103 ரன்களும் ராகுலின் 90 ரன்களும், கடைசி நாளில் ஆட்டமிழக்காமல் நின்ற ஜடேஜாவின் 107 ரன்களும் சுந்தரின் 101 ரன்களும் காப்பாற்றின. நான்காவது குறிப்பில் அந்த 11 ஓவர்களையும் அந்த 41 ரன்களையும் ஒரே பத்தியில் எழுதுங்கள், எதையும் மறைக்காமல். ஓவல் டெஸ்ட் ஜூலை 31 அன்று தொடங்கிவிட்டதால், அதற்கான பட்டியல் குறிப்பை எழுத இடையில் இருந்தது மூன்று நாள் அவகாசம் மட்டுமே.